ஒரு சாண் இடப்பக்கம்

லைட் ஸ்ட்ரீட் நீதிமன்றம், மூன்றாம் மாடி.
ஏர்கோன் ஒழுகும் இடத்தில்
யாரோ ஒரு மைலோ டின்னை வைத்திருக்கிறார்கள்.
சாட்சி நிறுத்தும்போதெல்லாம்
அது ஒரு சொட்டுப் பேசுகிறது.

நான் மொழிபெயர்ப்பாளர். பத்தொன்பது வருடம்.
பிறர் சொல்லை வாயில் ஏற்றி
மறுகரையில் இறக்கிவிடுவது பிழைப்பு.

இன்று துப்பாக்கி நிபுணர்.
புவான் ஹஸ்னிடா, தணிந்த குரல்.
மேசைமேல் பிளாஸ்டிக் பைக்குள்
மூக்குக்கண்ணாடிக் கூடு அளவில்
அந்த ரிவால்வர்.

"லாராஸ் இரண்டு அங்குலம்" என்றார்.
"குழல்" என்றேன் நான்.
முன்வரிசையில் பிலோமினாவின் கை
தன் கொண்டைவரை போய்த் திரும்பியது.
என் தவறு.
தமிழில் குழல் கூந்தலும்தான்,
அடுப்பு ஊதுவதும்தான்.
"துப்பாக்கியோட மூக்கு" என்று திருத்தினேன்.
நீதிபதிக்குத் தமிழ் தெரியாது.
சில நாள் அது வசதி.

மூக்கு குட்டை என்பதால்
முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே
நடுவிரலைவிடக் கொஞ்சம் கூடுதலான தூரம், அவ்வளவே.
அங்கே ஓர் அரிசியின் பருமன் விலகினால்
தெருவுக்கு அந்தப் பக்கம்
ஒரு சாண் விலகும்.
விசையை இழுக்க ஐந்து கிலோ பலம் வேண்டும்.
இழுக்கிற விரல் கையை அசைக்கும்,
கை மூக்கை அசைக்கும்.
வலக்கைக்காரர் என்றால்
பெரும்பாலும் இடப்பக்கம் போகும், கீழே போகும்.

பிறகு இரும்புப் பிடியில் இறுக்கிச் சுட்டோம் என்றார்.
ஐந்து தோட்டா.
ஐந்தும் ஒரு தேநீர்ச் சாசருக்குள்.
"துப்பாக்கியில் ரொசாக் எதுவும் இல்லை."
ரொசாக் என்றால் பழுது.
என் வாயில் "குத்தம்" என்று வந்தது.
"துப்பாக்கி மேல குத்தமில்ல."
ஏன் அப்படிச் சொன்னேன், தெரியவில்லை.

நேற்று அந்தக் கூண்டில்
நாணயமாற்றுக் கடை நாச்சியப்பன் நின்றார்.
"ஓடுனவன் காலப் பாத்துத்தான் சுட்டேம்மா."
நீதிபதியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார்.
எல்லாவற்றையும் மலாயில் ஏற்றினேன்,
அந்த "மா"வை மட்டும்
எந்தப் படகிலும் ஏற்ற முடியவில்லை.

ஓடியவன் மோட்டாரில் போய்விட்டான்.
முதல் குண்டு இரும்புக் கதவில்.
இரண்டாவது,
பசெம்போர் பொட்டலத்துக்குக் கைநீட்டிக்கொண்டிருந்த
சவரிராஜிடம்.

"குடும்பத்தார் ஏதும் கேட்க வேண்டுமா?"
வழக்கமாக யாரும் கேட்பதில்லை.
பிலோமினா எழுந்தாள். பையை நாற்காலியில் வைத்தாள்.
"எம் வீட்டுக்காரரையே குறிபாத்துச் சுட்டிருந்தா
தப்பியிருப்பாரா?"

மைலோ டின்னில் ஒரு சொட்டு.

மலாயில் சொன்னேன்.
என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.
நிபுணர் தன் படங்களைப் பார்த்தார்,
சாசர் அளவு வட்டங்கள்,
கையால் சுட்டபோது
கோழி கிளறியதுபோல் சிதறிய புள்ளிகள்.
"முங்கின், புவான்" என்றார்.

நீதிபதி பேனாவைத் தூக்கினார்.
கேள்வி பொருத்தமற்றது, பதிவு வேண்டாம்.
பதிவில் இல்லாததை நான் பெயர்க்க வேண்டியதில்லை.
வாயை மூடிக்கொண்டேன்.
முப்பது வருடம் கொம்தார் சாப்பாட்டுக் கடையில்
தட்டு கழுவியவளுக்கு
முங்கின் புரியாமலா இருக்கும்?
உட்கார்ந்தாள்.
பையை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.
பின்வரிசையில் நாச்சியப்பன்
தன் வலக்கையை இடக்கையால் மூடியிருந்தார்.

சாயங்காலம் தஞ்சோங் பூங்காவில் இறங்கி
மளிகைக் கடைக்குப் போனேன்.
அரிசிப் பை, ஐந்து கிலோ.
கைப்பிடியில் ஒற்றை விரலைக் கொடுத்துத் தூக்கி
எதிரே சுவரில் மாட்டியிருந்த காலண்டரில்
ஏழாம் தேதியைப் பார்த்து
ஆடாமல் நிற்க முயன்றேன்.
பை இடப்பக்கம் சாய்ந்தது.
"என்னக்கா, யாரோட பந்தயம்?" என்றான் கடைப்பையன்.

காசு கொடுத்தேன்.
சோறு வடிக்கும்வரை
விரலில் அந்தக் கோடு போகவில்லை.