ஐந்து தெத்ரி

திபிலிசியில் எங்கள் கட்டடத்து லிஃப்ட்
காசு விழுந்தால்தான் அசையும்.
ஐந்து தெத்ரி, ஏறுவதற்கு மட்டும்.
இறங்குவது இலவசம் என்பதை
முர்மன் ஒரு தத்துவம்போலச் சொல்லித் திரிந்தான்.
கம்பெனிக்குப் பெயர் வந்தது அப்படி.

நான் கணக்கு எழுதியவள்.
ஒரே ஒரு காட்சியில் என் முழங்கை வரும்.

முதல் வரவு, முர்மனின் அப்பாவுடைய
ஜிகுலி கார் விற்ற பணம்.
அப்பாவுக்கு விஷயம் தெரியவந்த தேதியை
ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன்.
முதல் செலவு, பூட்டு.
உள்ளே திருட ஒன்றுமில்லாத அறைக்கு.

மூடிக்கிடந்த அரசு ஸ்டூடியோவின் காவலாளி
காலாவதியான பிலிம் சுருளை
பண்டமாற்றாகத் தந்தான்:
ஒரு மூட்டை ஹேசல் கொட்டைக்குப் பதினோரு டப்பா.
முட்டை வாங்குகிறவள்போல
ஒவ்வொன்றையும் காதருகே ஆட்டிப் பார்த்தாள் சியூரி.
எதைக் கேட்டாளோ,
நான்கைத் திருப்பிக் கொடுத்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் மின்சாரம்
இரவு இரண்டுக்கு வரும், நாலுக்குப் போகும்.
வந்த நொடியில் கட்டடமே எழுந்துகொள்ளும்.
ஒருத்தி துணி தேய்ப்பாள்,
ஒருவர் சவரம் செய்வார்,
ஏழாம் மாடியில் நாங்கள் படம் வெட்டுவோம்.
இரண்டு மணி நேரம் எந்தப் படத்துக்குப் போதும்?
ஆறாம் மாடி சிசானா வீட்டுக்கு
ஆஸ்பத்திரி லைனிலிருந்து ஒரு திருட்டு வயர்.
கேட்டோம்.
ஜன்னல் வழியாக மேலே ஏற்றிவிட்டாள்.
கடன்: இருநூற்றுப் பன்னிரண்டு லரி.

படத்தின் நாற்பத்தோராம் நிமிடத்தில்
நாயகியின் முகம் மெல்ல இருண்டுபோகும்.
வெளிநாட்டு விழாவில் ஒரு விமர்சகர்
அதைப் பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதினார்,
ஒரு தேசம் கண்ணை மூடுகிறதென்று.
ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்துபோனது.
ரசீது என்னிடம் இருக்கிறது.

பரிசுப் பணம் வியாழக்கிழமை வந்தது.
வங்கி புதன்கிழமையே மூடிவிட்டது.

பிறகு மினரல் வாட்டர் விளம்பரம்.
பிறகு கல்யாண மண்டபம், பல் ஆஸ்பத்திரி,
மறுபடி மினரல் வாட்டர்.
"தண்ணீரை எத்தனை கோணத்தில்தான் எடுப்பது?"
என்றாள் சியூரி.
"சம்பளம் வருகிற எல்லாக் கோணத்திலும்."
அன்று சாயங்காலமே கேமராவைத் தூக்கிக்கொண்டு
படிவழியாக இறங்கிப் போனாள்.
லென்ஸை ஒரு கம்பளிக் காலுறைக்குள் போட்டு
என் மேஜையில் வைத்திருந்தாள்.
லென்ஸ் கம்பெனிக்கு, கேமரா எனக்கு,
காலுறை உனக்கு என்று சீட்டு.
மூன்றாவதைச் சொத்துப் பட்டியலில்
எந்தத் தலைப்பில் எழுதுவது?
ஒற்றைக் காலுறை. குளிருக்கு மாற்றி மாற்றிப் போடுகிறேன்.

முடியாத இரண்டாம் படத்தை
முர்மன் ஒரு நள்ளிரவில் பாலத்திலிருந்து
டப்பா டப்பாவாக வீசினான்.
குடித்திருக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.
ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும்.
பக்கத்தில் நின்று எண்ணினேன்.
பதினான்கு.

போன மாதம் பதிவை ரத்து செய்யப் போனேன்.
நிலுவை இருந்தால் மூட முடியாது என்றான்
கவுண்டரில் இருந்த பையன்.
சிசானா இறந்து ஒன்பது வருஷம்.
மகன் பொத்தியில், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார்.
போன் போட்டேன்.

"உங்கள் மெஷின் ஓடும்போது
அம்மா எங்கள் விளக்கை அணைத்துவிடுவாள்.
இரண்டையும் அந்த வயர் தாங்காது.
இருட்டில் உட்கார்ந்திருப்போம்.
மேலே யாரோ ஒரு பெண்
ஒரே வாக்கியத்தை நாற்பது தடவை சொல்வாள்."

பிறகு சொல்லிக் காட்டினார்.
"உப்பு போதுமா, இராக்லி?"
போதுமாவுக்குப் பின்னால் அதே மூச்சு,
சியூரியும் முர்மனும் இரண்டு இரவு
சண்டைபோட்டு விட்டுவைத்த அதே அரை நொடி.

படத்தை அவர் பார்த்ததே இல்லையாம்.
பணம் வேண்டாம் என்றார்.
அனுப்பிவிட்டேன்.
ரசீது இன்னும் வரவில்லை.