நட்ட விபரம்

உறுகாமத்துக் கதவு திறந்தாச்சு என்று
கோயில் லவுட்ஸ்பீக்கர் சொன்னபோது
நான் அலுமாரியைப் பூட்டினேன்.
இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன்.
சாவியைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு
உழவு மெசின் பெட்டியில் ஏறினேன்.
சித்தாண்டிச் சந்தி மட்டும்
பூட்டினேனா, பூட்டினேனா என்றே
நெஞ்சு கேட்டுக்கொண்டு வந்தது.

தண்ணீர் சாவி கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒன்பது நாள்.
ஏழாம் ஆண்டு வகுப்பு. கரும்பலகையில்
யாரோ பாதியில் விட்ட பின்னக் கணக்கு.
அதன் கீழே ஆறு குடும்பத்துப் பாய்.
ஏறாவூரிலிருந்து வந்த சோற்றுப் பார்சலைப்
பிரிக்கும்போதெல்லாம் ஒரே பேச்சு:
"முகத்துவாரம் வெட்டியாச்சாமா?
மறுகா எப்ப வடியுமாம்?"
நான் வடிவதை நினைக்கவில்லை.
கண்ணை மூடி, தட்டுத் தட்டாக,
அலுமாரியைத் திறந்து பார்த்தபடி கிடந்தேன்.

விதானையார் படிவம் கொண்டுவந்தார்.
இழந்த பொருள், எண்ணிக்கை, பெறுமதி.
ஆறே ஆறு வரி.
"இது காணாது தம்பி, இன்னொரு தாள் தாங்க" என்றேன்.
தந்தார்.

குளிர்ப்பெட்டி. தையல் மெசின். செற்றி.
கட்டில் இரண்டு.
மகளுக்கென்று வாங்கி வைத்த டின்னர் செட்.
சாப்பாட்டு நெல்லு பதினொரு மூடை.
மறுகா
பேனை நின்றுவிட்டது.

இருபத்திரண்டு வருஷம் சேர்த்த வீடு.
மூன்றாம் தட்டில் என்ன இருந்தது?
நிறைய இருந்தது, அது தெரியும்.
முழங்கால் கொடுத்துத்தான் கதவைச் சாத்துவேன்.
என்ன இருந்தது என்றுதான் தெரியவில்லை.
பக்கத்துப் பாயிலிருந்து மங்களேஸ்வரி எட்டிப் பார்த்து
"எழுதுங்க கா" என்றாள்.
கூடுதல் தாளை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தேன்.
விதானையார் அதை அவளிடம் நீட்டினார்.

வடிந்த பிறகு வீடு.
சுவர் சுற்றி என் நெஞ்சளவில் ஒரு கோடு,
மேசன் நூல் பிடித்துக் கீறியது போல.
அலுமாரி குப்புறக் கிடந்தது,
பூட்டினபடியே.
சாவி போட்டால் சுற்றவில்லை, பலகை ஊதியிருந்தது.
கோடரியால் கொத்தித் திறந்தோம்.
ஒன்றின் சாயம் ஒன்றில் ஏறி
கலியாணச் சீலையும் செத்தவீட்டுச் சீலையும்
ஒரே நிறம்.

செற்றிதான் என்னைச் சிரிக்க வைத்தது.
ஊத்தை படும் என்று ஏழு வருஷம்
பொலித்தீன் உறை கழற்றாத செற்றி.
வந்தவர்கள் இருந்தால் சரசரக்கும்,
பாவம், அசையாமல் இருந்து தேத்தண்ணி குடிப்பார்கள்.
ஊர் முழுக்க வடிந்துவிட்டது,
உறைக்குள் மட்டும் வெள்ளம் நின்றது.
கத்தியால் கிழித்தேன்.
மண்தண்ணீரோடு ஒரு சுங்கான் குஞ்சு
சீமெந்தில் விழுந்து துள்ளியது.

ஒழுங்கை நெடுக எல்லா வீடும் வெளியே கிடந்தது.
மங்களேஸ்வரி வாசலிலும் அதே நீலப்பூ டின்னர் செட்,
பூபாலரெத்தினம் மாஸ்டர் வாசலிலும் அதே.
ஒருத்தரும் ஒருநாளும் அதில் சோறு போட்டதில்லை.
அன்று மத்தியானம் நிவாரணப் பருப்பை
அதில்தான் ஊற்றித் தின்றோம்.
ஆருடைய கோப்பை ஆருடையது என்று
பிறகு பிரிக்கத் தெரியவில்லை.
பிரிக்கவுமில்லை.

நெல்லுக்கு மட்டும் அழுதேன்.
மூடைக்குள்ளேயே முளைத்து
சாக்குக் கண்ணால் பச்சை நீட்டிக்கொண்டு நின்றது.
அது வேறு. அதைப் பெரிய மனசோடு விட
எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

குளிர்ப்பெட்டியைப் பழைய இரும்புக்காரன் ஏற்றிய இரவு
வவுனியாவிலிருந்து மகள் எடுத்தாள்.
"அம்மா, உங்கட குரல் ஒரு மாதிரிக் கேக்குது,
எங்க நிக்கிறீங்க, கோயில் மண்டபத்திலயா?"
"வீட்டிலதான் மனே."
"வீட்டிலயா?"
"ஓம். பாயில கிடக்கன். நல்ல காத்து."

அவளுக்குச் சொல்லாதது ஒன்று.
சாவி இன்னும் தலைப்பில்தான் இருக்கிறது.
தோய்க்கும்போது அவிழ்த்துக் கல்லில் வைக்கிறேன்,
காய்ந்ததும்
திரும்ப முடிகிறேன்.