பதினோரு சென்டிமீட்டர்

கைப்பையில் ஒரு டேப்,
மூன்று பேனா (குளிரில் இரண்டு எழுதாது),
அழுகிற பிள்ளைக்கென்று பிஸ்கட்,
படிவம் பதினேழு.

ஏரி உறைந்தால்தான் எங்கள் ஊருக்குச் சாலை.
பனிக்கட்டிமேல் நாலு மணி நேரம்
சீட் பெல்ட் போடாமல் ஓட்ட வேண்டும்.
உடைந்தால் குதிக்க.
பின்சீட்டில் குழந்தை நாற்காலியை மட்டும்
இறுக்கிக் கட்டியிருக்கிறேன்,
காலியாக.

எல்சியர் ஓகிமாவ். வயது முப்பத்தொன்று.
பனி வழிக்கும் வண்டி ஓட்டுகிறான்.
அவன் அக்கா மகன் வின்னிபெக்கில்,
நாலு வயதுக்குள் ஐந்தாவது வீட்டில்.
என்கிட்ட குடுங்க, என்று
அக்டோபரிலிருந்து கேட்கிறான்.

அறையைக் காட்டினான்.
அவனே அடித்த கட்டில்,
பச்சைப் பெயின்ட்டின் வாடை,
தலையணை உறையில் டிராக்டர்.
எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான்
டேப்பை எடுத்தேன்.

ஜன்னல் அகலம் முப்பத்தொன்பது.
வேண்டியது ஐம்பது:
நெருப்புப் பிடித்தால்
ஒரு தீயணைப்பு வீரர் உள்ளே நுழையும் அளவு.
எங்கள் ஊரில் தீயணைப்பு வண்டி ஒன்று உண்டு.
அதன் டயர்கள் பற்றி
மூன்று வருடமாகக் கடிதப் போக்குவரத்து நடக்கிறது.

"அப்படின்னா?"
"அப்படின்னா, இப்போதைக்கு இல்ல."
ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால்
ஒளிந்துகொள்ள ஒரு சந்து கிடைத்திருக்கும்.
க்ரீ மொழியில் சொன்னேன்.

அவன் ஒன்றும் பேசாமல் வெளியே போனான்.
கத்துவார்கள், எனக்குப் பழக்கம்.
கதவை அறைவார்கள்.
ஒருமுறை என் டயரைக் கிழித்தார்கள்,
அது நியாயம்தான் என்று பட்டது.
இவன் புகைக்கப் போயிருப்பான் என்று
படிவத்தில் தேதி எழுதிக்கொண்டிருந்தேன்.

சுவர் உறுமியது.

மைனஸ் முப்பத்தெட்டில்
வெளியிலிருந்து சங்கிலி ரம்பத்தால்
வீட்டை அறுத்துக்கொண்டிருந்தான்.
பலகைக்குள்ளிருந்து இளஞ்சிவப்புப் பஞ்சு பிதுங்கியது.
டிராக்டர்மேல் பனி விழுந்தது.
ஓட்டை வழியே அவன் முகம்,
புருவத்தில் மரத்தூள்:
"போதுமா?"

எதிர்வீட்டு லோரெட்டா பாலிதீன் தாள் கொண்டுவந்தாள்.
யாரோ இரண்டு பையன்கள்
பழைய போலீஸ் டிரெய்லரில் கழற்றிய ஜன்னலை
ஸ்லெட்டில் வைத்து இழுத்து வந்தார்கள்.
எப்போது கழற்றினீர்கள் என்று நான் கேட்கவில்லை.
நாலு பேர் தூக்கி நிறுத்த,
என் விரல் டேப்பின் இரும்பில் ஒட்டிக்கொண்டது.
ஐம்பத்திரண்டு.

இருபத்தாறு வயதில்
என்னுடைய கோப்பை வாங்கிப் படித்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி:
'பொருத்தமான உறவினர் எவருமில்லை.'
யாரோ கையெழுத்துப் போட்டிருந்தார்கள்,
அழகான கையெழுத்து.
எனக்காக யாரும் சுவரை அறுக்கவில்லை என்று
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
அறுத்திருக்கலாம்.
அதை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இருந்திருக்காது.

படிவம் பதினேழு கேட்டது:
கட்டுமான அனுமதி எண்?
கோடு போட்டேன்.
ஜன்னல் அகலம்?
ஐம்பத்திரண்டு என்று எழுதினேன்,
மூன்றாவது பேனாவில், இரண்டு முறை அழுத்தி.

"எப்ப வருவான்?"
மேலே இன்னும் மூன்று கையெழுத்து இருக்கிறது.
மார்ச்சில் சாலை உருகிவிடும்.
இரண்டையும் சொன்னேன்.
தலையாட்டிவிட்டு
விளிம்பில் பஞ்சை அடைக்கத் திரும்பிவிட்டான்.

அடுத்த வாரம் வேறொரு வீட்டில்
டேப்பை இழுத்தேன்.
உள்ளிருந்து மரத்தூள் கொட்டியது,
அவர்கள் துடைத்து வைத்திருந்த தரையில்.
"மன்னிக்கணும்" என்றேன்.
அந்த வீட்டுப் பெண் துடைப்பம் எடுக்கப் போனாள்.
நான் அவர்கள் ஜன்னலைப் பார்த்தேன்.