தேனிரும்பு

மேலே ஏறுமுன் கழற்ற வேண்டியவை:
கைக்கடிகாரம், போன், சாவிக்கொத்து,
கொண்டையில் மூன்று ஊசி,
தாலிக்கொடியில் கோத்த சேஃப்டி பின்கள் இரண்டு.
பொன்னைப் பற்றிக் காம்பஸுக்குக் கவலையில்லை.
பின்னைத்தான் மோப்பம் பிடிக்கும்.

மேடன் வார்ஃப். சர்க்கரைக் கிடங்கின் பாகு வாசனை
கயிற்றில்கூட ஒட்டியிருக்கிற காலை.
'மரியேட்டா' என்றொரு சின்னச் சரக்குக் கப்பல்,
மபூட்டோவுக்கு உரம் ஏற்றிப் போவது,
மேற்கே திரும்பினால் மட்டும்
நான்கு பாகை பொய் சொல்கிறதாம்.

முதலில் கிண்ணம்.
கண்ணாடிக்கடியில் ஒரு குமிழி, மிளகளவு.
உள்ளே சாராயமும் காய்ச்சி வடித்த நீரும்;
ஒரு வாய் கிடைக்குமா என்று கேட்காத கப்பலே இல்லை.
பக்கத்தில் நின்றவனைச் சிகரெட்டை அணைக்கச் சொன்னேன்.
புரட்டிப் பிடித்து, திருகைத் திறந்து,
ஊசிக்குழாயால் சொட்டுச் சொட்டாக,
குமிழி போகும்வரை.
பித்தளைத் திருகு தொலைந்தால் பித்தளையே போட வேண்டும்.
எனக்கு முன் வந்த புண்ணியவான்
எஃகில் ஒன்றை முடுக்கியிருந்தார்.
அது என் பைக்குள் போனதும் ஒரு பாகை குறைந்தது.

மூன்று மிச்சம்.

பீடத்தின் இருபுறமும் இரண்டு குண்டுகள்,
இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை,
உரித்த தேங்காயளவு.
தேனிரும்பு.
காந்தம் பக்கத்தில் வந்தால் தானும் காந்தமாகும்,
போய்விட்டால் மறந்துவிடும்.
மறப்பதுதான் அதன் உத்தியோகம்,
அதற்குத்தான் அதற்குக் கப்பலில் இடம்.

பச்சையின் நட்டைத் தளர்த்தி
அரைச்சுற்று உருட்டினேன்.
தகடு நகர்ந்தது.

"இதில் யார் என்னத்தை ஒட்டினீர்கள்?"
இரண்டாம் மேட் ம்லுங்கிசி தரையைப் பார்த்தான்.
டார்ச். அடியில் காந்தம் வைத்தது.
ராக்காவலில் கைக்கு எட்டுமே என்று,
ஏழு மாதம்.

கேப்டன் நெல்லுக்குப் பொழுது சாயுமுன் கிளம்ப வேண்டும்.
"மிஸஸ் குப்பன், எதிரே ஒரு காந்தக் கம்பி செருகுங்கள்.
மூன்றை மூன்று தின்னட்டும்."
செருகலாம். இன்றைக்குச் சரியாகவே காட்டும்.
வழியில் எங்காவது குண்டு மெல்ல மறக்கத் தொடங்கும்,
கம்பி மறக்காது.
அன்றைக்கு எந்த இருட்டில்
எந்தப் பாறைக்கு முன் நிற்பீர்கள்?

கீழே டெக்கில் என் போன் அலறுகிறது.
அக்காவாக இருக்கும். சாட்ஸ்வர்த் வீட்டுப் பத்திரம்.
அலறட்டும்.

ஜேக்கப்ஸில் கைலாசம் மூட்லியின் உலை.
குண்டைச் செக்கச்செவேலென்று காய்ச்சிச்
சாம்பலுக்குள் புதைத்தோம்.
அவசரப்பட்டுத் தண்ணீரில் முக்கக் கூடாது,
தானாக ஆற வேண்டும்.
எவ்வளவு நேரம் என்றான் ம்லுங்கிசி.
நாளைக் காலை.
போனில் கேப்டன் ஆஃப்ரிகான்ஸில் திட்டியதை
அவன் எனக்குச் சொல்லவில்லை.
எனக்கும் அந்த மொழி தெரியும்.

மறுநாள் வெளித்துறையில் கப்பலை வட்டமிட விட்டோம்,
பிளஃப் மேட்டுக் கோபுரத்தைக் குறிவைத்து
எட்டுத் திசையிலும் ஒவ்வொரு தடவை நிதானித்து.
பச்சையை உருட்டினேன்.
தகடு அப்படியே கிடந்தது.
மேற்கில் அரைப் பாகை. தெற்கில் ஒன்று.
உள்ளதை எழுதிக் கையெழுத்திட்டேன்.
எட்டுக்கும் பூஜ்யம் எழுதித் தருகிறவனை
ஏணியிலேயே திருப்பி அனுப்புங்கள்.

"டார்ச்சை எங்கே வைக்கட்டும்?"
சமையற்கட்டு ஃப்ரிட்ஜில், என்றேன்.

கரைக்குத் திரும்பும் படகில்
பின்களைக் கோத்தேன், ஊசிகளைச் செருகினேன்.
தவறிய அழைப்புகள் ஒன்பது.
ஒன்பதும் அக்கா.
பைக்குள்ளிருந்து எடுத்த போனில்
ஸ்பீக்கர் ஓரமாய்
அந்த எஃகுத் திருகு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.
பிடுங்கிப் போட்டுவிட்டு
போனையும் உள்ளே போட்டேன்.
படகு ஒரு அலைக்கு ஆடியது.
பைக்குள்ளிருந்து
டிக்.