பதிமூன்றாவது சேனல்

ரிச்சித் தெருவில் எடுத்த செகண்ட் ஹேண்ட் லேப்டாப்.
எட்டாயிரத்துக்கு இதுவே அதிகம் என்றான்
லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தவன்.
தங்கச்சிமடம் வந்து மூன்று நாளாகிறது.
ஐஸ் பிளான்ட்டின் வைஃபை தெரிகிறது.
லாட்ஜின் வைஃபை தெரிகிறது.
பைக்கில் கடந்து போகும் எவனோ ஒருவனின் போன்கூட
பேர் காட்டிவிட்டுப் போகிறது.
எங்கள் நண்டுக் கம்பெனி வைஃபை மட்டும்
இல்லவே இல்லை.

தலைக்கு நேர்மேலே
ஆணியில் தொங்குகிறது ரவுட்டர்,
மூன்று பச்சை விளக்கோடு.
என் செல்லில் கட்டை முழுசாக இருக்கிறது.

சிவப்பு நாற்காலியில் சந்தியாகு.
கையில் நாற்பத்தொரு கிலோ எடைச்சீட்டு.
நான் அனுப்பினால்தான் தூத்துக்குடியில் விலை போடுவார்கள்.
விலை போட்டால்தான் லாரி.

ஆர்எஃப்கில் கேட்டேன்:
மென்தடை இல்லை, வன்தடை இல்லை என்றது.
எல்எஸ்பிசிஐ கேட்டேன்:
கடைசி பெஞ்சுப் பிள்ளை மாதிரி
உள்ளேன் என்றது கார்டு.
டிரைவர் ஏறியிருக்கிறது.
ஃபர்ம்வேர் இருக்கிறது.
டிமெசேஜ் ஐந்நூறு வரி கக்கியது,
கால் முறிந்த நண்டைக் கழிப்பதுபோல்
ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தேன்.
எல்லாம் முழு நண்டு.

"உப்புக்காத்து உள்ள போயிருக்கும்த்தா"
என்றார் சந்தியாகு.
பின்மூடியைக் கழற்றினேன்.
ஆன்டெனா ஒயர் கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று,
இரண்டும் இறுகப் பிடித்திருந்தன,
பச்சைக் களிம்பு பூக்காமல்.
இந்த ஊரில் உப்பு குற்றவாளியாக இல்லாத
முதல் ரிப்பேர் இதுதான்.

மூன்று மணிக்கு லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.
வேறொன்றும் தோன்றாமல்தான் கேட்டேன் கார்டிடம்,
நீ எந்த நாடு என்று.

யு, எஸ்
என்று இரண்டு எழுத்து வந்தது.

அங்கே சேனல் பதினொன்றோடு முடிந்துவிடுகிறதாம்.
பன்னிரண்டுக்கும் பதிமூன்றுக்கும் நேரே
தடை, தடை.
ஆறில் ஐஸ் பிளான்ட், பதினொன்றில் லாட்ஜ்,
ஒரே இரைச்சல் என்று
ரவுட்டர் மாட்ட வந்த ரெக்ஸன்
எங்களைப் பதிமூன்றில் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

ஆக, கார்டில் பழுதில்லை.
பாக் நீரிணைக் கரையில் உட்கார்ந்துகொண்டு
ஏதோ ஒரு கரையின் சட்டத்துக்குப் பயந்து
காதைப் பொத்திக்கொண்டிருக்கிறது.

"எல்லை தாண்ட மாட்டேங்குது மாமா,
எல்லை எங்கன்னு தப்பாத் தெரிஞ்சுவச்சிருக்கு."
"ஜிபிஎஸ் இல்லாத போட் மாதிரியா?"
"ஜிபிஎஸ் இருக்கு. கோடுதான் வேற."
சிரிப்பேன் என்று நினைத்தேன்,
சிரிப்பார் என்று நினைத்தேன்.
அவர் எடைச்சீட்டை மடித்தார், பிரித்தார்,
மறுபடி மடித்தார்.
அவருடைய பழைய போட்
அக்கரையில் மணலில் சாய்ந்து கிடப்பது
அப்புறம்தான் ஞாபகம் வந்தது.
அந்த உவமையை வேறு யாரிடமாவது சொல்லியிருக்கலாம்.

ஐ, என்.
எண்டர்.

பட்டியல் ஒருமுறை காலியாகி
கீழிருந்து நிறைந்தது.
லாட்ஜ், ஐஸ் பிளான்ட்,
அதற்கும் மேலே
எழுத்துப்பிழையோடு எங்கள் கம்பெனி பேர்.
மூன்று நாற்பதுக்குச் சீட்டு போனது.
நாலுக்கு விலை வந்தது.
"போன வாரத்தை விடக் கம்மி" என்றார் சந்தியாகு.
அதற்குக் கமாண்ட் ஏதும் எனக்குத் தெரியாது.

ஐந்தரைக்குக் கரண்ட் போனது.
பேட்டரி வாங்கும்போதே செத்தது.
திரும்ப எழுந்த கார்டு
மறுபடி அமெரிக்காவில் இருந்தது.
எந்த ஃபைலில் எழுதினால் நிலைக்கும் என்று
நாளைக்குத் தேட வேண்டும்.
இப்போதைக்குக் கமாண்டை
அந்த எடைச்சீட்டின் பின்பக்கம் எழுதித்
தராசுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.
ஈரத்தில் மை ஊறி
நாற்பத்தொன்று தலைகீழாகத் தெரிகிறது.