முதன்மை: ஆம்

கெமியில் கடல் உறைந்து கிடக்கும் மாதம்.
மருத்துவமனையின் நிலவறையில்
கருந்திரையில் அடிக்கிறாள் மர்யுட்:
இந்த வட்டுக்கு இன்னொரு பிரதி சேர்.
எண்டர்.

சேர்ந்தது என்கிறது ஒற்றை வரி.
சேர்ந்ததற்கும் ஒத்துப்போனதற்கும் நடுவில்
இருபத்தாறு மணி நேரம்.

பழைய பெட்டி இடப்பக்கம், புதியது வலப்பக்கம்.
இடையே ஆரஞ்சு நிற ஃபைபர்.
அதன் வழியே போய்க்கொண்டிருக்கின்றன
ஊரின் நெஞ்செலும்புகள்,
கடைவாய்ப் பல்லின் வேர்கள்,
இன்னும் பிறக்காதவர்களின் குதிகால்கள்,
மார்ச் மாதம் ஸ்கீயில் சறுக்கியவர்களின் முழங்கால்கள்.
பதினோரு வயதில் முறிந்த அவள் மணிக்கட்டும்
எங்கோ ஒரு துண்டில் இருக்கும்.
பார்க்க அனுமதியில்லை.
தூக்கிக்கொண்டு போகத்தான் அனுமதி.

நாற்பத்தொன்று சதவீதம்.
வேகத்தைக் கூட்டலாம். கூட்டினால்
மேலே ஒரு மருத்துவர்
ஒரு படத்துக்காக நான்கு நொடி காத்திருப்பார்.
நான்கு நொடி எவ்வளவு நீளம் என்று
கீழே இருந்து அளக்க முடியாது.
அவள் கூட்டவில்லை.

அறுபது.
ரை ரொட்டி, வெள்ளரி ஊறுகாய்.
அறுபத்திரண்டு.
மேலம்பு, எண்டர். மேலம்பு, எண்டர்.
பூட்டிய கதவைத் திரும்பப் போய்
இழுத்துப் பார்க்கிற கை அது.

ரேக்கில் ஓஸ்மோ ஒட்டிவைத்த காகிதம்:
‘ஒத்துப்போனதும் பூஜ்யத்தை நீக்கு.
ஒன்று மிஞ்சும். வேறெதுவும் இல்லை.’
எட்டு மாதத்துக்கு முந்தைய கையெழுத்து.
ஓஸ்மோ இப்போது தம்பெரேயில்
டிராம் கம்பெனியில் இருக்கிறான்.
நல்ல வேலைக்காரன்.

மறுநாள் இரவு, நூறு.

நீக்கு. வட்டின் பெயர். பிரதி எண் பூஜ்யம்.
முழுதும் அடித்தாயிற்று.
எண்டருக்கு மேலே விரல்.
விரலில் ஊறுகாயின் பிசுக்கு.
கால்சட்டையில் துடைக்கிற நேரத்தில்
கண் மேலேறிப் பட்டியலைப் படித்துவிட்டது:

பிரதி பூஜ்யம், புதிய பெட்டி.
பிரதி ஒன்று, பழைய பெட்டி.

எப்போதோ, ஓஸ்மோவுக்கும் முன்னால்,
யாரோ ஒருமுறை குடிபெயர்த்திருக்கிறார்கள்.
பழையது அன்று ஒன்றில் போய் உட்கார்ந்தது.
நேற்று வந்தது
காலியாகக் கிடந்த பூஜ்யத்தில் அமர்ந்தது.
இயந்திரம் யாரையும் ஏமாற்றவில்லை.
காலி நாற்காலியைக் காட்டியது.

ஒன்றுமில்லை என்பதையும்
வணங்கத்தக்கது என்பதையும்
பூஜ்யம் என்ற ஒரே சொல்லில் வைத்திருக்கிற
மொழியொன்று உண்டு.
மர்யுட் அதைக் கேட்டதில்லை.
அவளுக்கு அது நொல்லா.
ஒருதரம் வாய்விட்டுச் சொன்னாள்,
மின்விசிறிகளின் இரைச்சலுக்குள்.

அந்த விரல் விழுந்திருந்தால்
எச்சரிக்கை வந்திருக்காது.
காலை ஏழு மணிக்கு ஊலுவிலிருந்து லாரியில் வருகிறவன்
பழைய பெட்டியைக் கழற்றி ஏற்றியிருப்பான்,
ஊரின் அத்தனை எலும்புகளோடும்,
பனிச்சாலையில்.

ஒரு பொத்தான் பின்னால் வந்தாள்.
பூஜ்யத்தை அழித்து ஒன்று என்றாக்கினாள்.
அதையும் அழித்தாள்.
வேறு கட்டளை அடித்தாள்:
இரண்டையும் ஒப்பிடு, முதல் துண்டிலிருந்து.
இன்னும் ஒன்பது மணி நேரம்.

லாரிக்காரன் லெய்னோ வந்து
காகிதத்தைப் படித்துவிட்டுக் கேட்டான்:
பூஜ்யம்தானே? எடுத்துவிடலாமே?
காபி ஊற்றிக் கொடுத்தாள்.
இரண்டாவது கோப்பையில் அவன் கேட்டான்:
இதில் எது அசல்?
பட்டியலில் அப்படியொரு பத்தி இல்லை என்றாள்.
முதன்மை என்று ஒன்று இருக்கிறது.
ஆம், இல்லை. நாம் மாற்றினால் மாறும்.

மதியம் மாற்றினாள்.
பிறகு ஒன்றை நீக்கினாள்.
திரை பதில் சொல்லவில்லை.
அடுத்த வரியில் கர்சர் மினுங்கியது.

ஓஸ்மோவின் காகிதத்தை அவள் கிழிக்கவில்லை.
அடியில் பென்சிலால் எழுதினாள்:
எண்ணை நம்பாதே, இடத்தைப் பார்.

அதே நேரம் மூன்றாம் மாடியில் யாரோ
ஒரு முழங்காலைத் திறந்தார்கள்.
திறந்தது.