முழங்கால்

சனி ராத்திரி காலேஜ்.
ஞாயிறு ராத்திரி சம்பளக்காரர்கள்.
காரைக்குடி செக்காலை ரோட்டில்
டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் நாங்கள் பதினோரு பேர்
அமெரிக்க ஃபுட்பாலைத் துண்டு துண்டாய் வெட்டிப்
பெயர் வைக்கிறோம்.
ஓடினான். எறிந்தான். விழுந்தான்.
துண்டுக்கு ஒன்றே கால் ரூபாய்.

ஏழாம் நம்பரை எனக்கு மூன்று சீசனாய்த் தெரியும்.
முகம் தெரியாது.
கம்பிக்குப் பின்னால் ஒரு தாடை, அவ்வளவுதான்.
சனிக்கிழமைகளில் அவனுக்கு அவசரம்,
கூடிப் பேச நேரமில்லை.
ஓரத்தில் நாலு பையன்கள் அட்டை தூக்கிக் காட்டுவார்கள்:
ஒரு தவளை, ஒரு பீட்சா, எவனோ நடிகனின் மூக்கு.
ஒன்றுதான் நிஜம் என்பாள் ஜெபமாலை,
மிச்சமெல்லாம் எதிராளிக்குப் பூச்சாண்டி.

பக்கத்தில் வருகிறவன் வயிற்றில் பந்தை வைப்பான்,
விடமாட்டான்.
எதிரணியின் ஓரத்தில் நிற்கும் ஒரே ஒருவனைப் பார்ப்பான்.
அவன் உள்ளே பாய்ந்தால் உருவிக்கொண்டு தானே ஓடுவான்,
நின்றால் கொடுத்துவிடுவான்.
வயிற்றுக்கும் கைக்கும் நடுவே அந்த அரை நொடி
எந்தப் பட்டன் என்று தெரியாமல்
என் விரல் அந்தரத்தில் நிற்கும்.

அங்கே நடுக்கோடுகளுக்கிடையே நாற்பதடி.
பந்தை ஒரு கோட்டில் வைத்தால் மறுபக்கம் முழுக்கப் பொட்டல்,
கானாடுகாத்தான் தாண்டிக் கிடக்கிற செம்மண் மாதிரி.
ஞாயிற்றுக்கிழமை அது பதினெட்டரை அடி.
எல்லாம் நடுவிலேயே.

சித்திரையில் அவனை ஒரு டீம் எடுத்தது.
இப்போது வட்டமாய்க் கூடுகிறார்கள்.
ஹெல்மெட்டுக்குள் ஒரு குரல் நீளமாய் ஏதோ சொல்ல
மணிக்கட்டைப் பார்த்துப் பார்த்து ஒப்பிக்கிறான்,
நகரத்தார் கல்யாணத்தில் இசைகுடிமானம் வாசிப்பதுபோல்
ஒரு பெயர் விடாமல்.
பிறகு நிற்கிறான்.
முதல் ஆள், இரண்டாம் ஆள், மூன்றாம் ஆள். எறிகிறான்.
ஓடினால் அவனுக்குக் கொட்டிய காசு உடையுமாம்.

எனக்கும் மூன்றாம் வாரமே மெமோ வந்தது.
காலேஜில் ஒரு கால் கோட்டுக்குள் பட்டால் பிடித்ததாகும்,
இங்கே இரண்டும் பட வேண்டும்.
பன்னிரண்டு துண்டு ரிஜெக்ட். பதினைந்து ரூபாய்.
ஜெபமாலை சிரித்தாள்:
சம்பளம் வாங்குறவன் ரெண்டு காலையும் வைக்கணும்டி.

இன்று விடியற்காலை நாலு இருபது.
ராமேஸ்வரம் வண்டி போய் வெகுநேரமாகிவிட்டது.
யாரும் ஆள் கிடைக்காமல் அவன் ஓடினான்.
ஏழு யார்டு, எட்டு,
ஈரப்புல்லில் வழுக்கி முழங்கால் தரையில் பட்டது.
ஒருத்தனும் தொடவில்லை.

காலேஜில் அத்தோடு சரி, பந்து செத்தது.
என் விரல் 'முடிந்தது' அழுத்திவிட்டது.
அவனும் அப்படியே கிடந்தான்
விசிலுக்காக.

வரவில்லை.

இங்கே யாராவது தொட வேண்டும்.
தொடாதவரை நீ விழவில்லை.

யாரோ கத்தியிருப்பார்கள்.
எங்களுக்கு அனுப்புவது ஊமைப்படம்.
தலையைத் தூக்கினான்,
ஏதோ கடன் ஞாபகம் வந்தவன்போல் எழுந்து
இன்னும் பதினோரு யார்டு.

அழுத்தியதை அழித்தேன்.
விழுந்தும் ஓடினான் என்று பட்டியலில் எதுவும் இல்லை.
ஆறு வாரத்தில் முதல் தடவையாய் அவன் பெயருக்கு நேரே
'ஓடினான்' என்று போட்டேன்.

அடுத்த துண்டுக்குப் போகாமல்
அந்த முழங்காலை மறுபடி ஒருதரம் ஓட்டிப் பார்த்தேன்.
அதற்குக் காசு கிடையாது.